அறிவைக் காக்கும் கடமை: மாரிஸ்தான் முதல் ஏர்வாடி வரை

அபிராமம், கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் பெரியவர்கள் நாவில் எழும் ஊர்ப்பெயர் ஏர்வாடி. பாதுஷா நாயகம் எனப் போற்றப்படும் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் அவர்களின் தர்காவை நாடிச் சமய வேறுபாடின்றி மக்கள் செல்வது நெடுங்கால வழக்கம். ஆனால், குடிநோயும் மனநோயும் ஒருவரையே ஒருங்கே பற்றினால் அவர் எந்த வாசலை நாடுவார்? குடிப்பவரைப் பாவி என ஒதுக்குகிறோம். மனம் பேதலித்தவருக்கு இரங்குகிறோம். இரண்டுக்கும் ஆளானவரோ நம் வெறுப்புக்கும் இரக்கத்துக்கும் நடுவே கைவிடப்படுகிறார்.

நம் மரபின் சொற்களே இவ்விரு நிலைகளையும் அருகருகே வைக்கின்றன. மதுவைக் குறிக்கும் 'கம்ர்' என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் மூடுதல். அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ர் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். பித்தரைக் குறிக்கும் 'மஜ்னூன்' என்னும் சொல்லின் வேரும் மறைத்தல் என்றே பொருள்படும். இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு 1111) எடுத்துரைத்த ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களுள் ஒன்று 'ஹிஃப்ழுல் அக்ல்', அதாவது அறிவைக் காத்தல். மது விலக்கப்பட்டதற்கு மார்க்கச் சட்ட அறிஞர்கள் காட்டும் காரணமும் இதுவே. விலக்கியதோடு அக்கடமை முடிந்துவிடுமா? மூடப்பட்ட அறிவை மீட்பதும் அதனுள் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934), மருத்துவர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை மறப்பதைக் குறைகூறி, இரண்டின் நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மாரிஸ்தானில் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி வக்ஃபுச் சொத்தின் வருவாயில் சிகிச்சை அளிக்கப்பட்டது. மனநோயாளருக்கும் அங்கே இடம் இருந்தது. பெருமையை மட்டும் பேசுவது வரலாறு ஆகாது. 1184இல் திமிஷ்கைக் கண்ட இப்னு ஜுபைர், அங்கே மருத்துவமனையில் பித்தர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் பதிவு செய்துள்ளார்.

அந்தச் சங்கிலி நம் காலத்திலும் அறுபடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியிட்டுப் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்வழக்கை ஏற்று விசாரித்தது. அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது.

நெருப்பு இல்லாவிடினும் சங்கிலி ஆபத்தே. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரைத் திடீரெனக் கட்டிவைத்து மதுவை நிறுத்தினால், சில நாள்களுக்குள் வலிப்பும் நடுக்கமும் பிதற்றலும் தோன்றலாம். இல்லாத உருவங்கள் தெரியலாம். மருத்துவம் இன்றேல் உயிரும் போகலாம். இதைப் பேய் பிடித்ததாகக் கொள்வோர் உண்டு. இனி, உறக்கமின்மையும் அச்சமும் தாளாமல் குடிக்கத் தொடங்கியவரும் உளர். குடியை மட்டும் நிறுத்தி மனத்தைக் கவனியாவிடில் அவர் மீண்டும் குடிக்கிறார். மனத்துக்கு மட்டும் மருந்து தந்து குடியைக் கவனியாவிடில் மருந்து பயன் தருவதில்லை. ஒரே மருத்துவக் குழு இரண்டையும் ஒருங்கே, பொறுமையோடு கவனிக்க வேண்டும் என்னும் முறையை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக் குழுவினர் கடந்த நூற்றாண்டின் இறுதியில் வளர்த்தனர். அம்முறையில் மீண்டும் குடித்தவர் வெளியேற்றப்படுவதில்லை, மறுபடியும் வரவேற்கப்படுகிறார். மது மீதான தடையே படிப்படியாக அருளப்பட்டது என்பதை அறிந்த நமக்கு இப்பொறுமை அந்நியமானதன்று.

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையில் வந்துள்ளது. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள்களால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்பதன் வரையறைக்குள் சேர்த்தது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. குஜராத்தின் உனாவா மீரா தாத்தார் தர்காவில் முஜாவிர்களும் மருத்துவர்களும் கைகோத்த 'தவா – துஆ' முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. துஆவைக் கைவிடச் சொல்லாமல் மருந்தை அதன் அருகில் வைத்ததே இதன் சிறப்பு.

மஹல்லா ஜமாஅத்துகள் செய்யத்தக்கது மிகுதியும் எளிது. குடித்தவரின் வீட்டை ஒதுக்காதிருத்தல். இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அவரோடு துணைக்கு ஒருவரை அனுப்புதல். மருந்து இடையில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுதல். 14416 என்னும் அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணை எல்லோரும் அறியச் செய்தல். வக்ஃபு வருவாயில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கினால் அது கலாவூனின் மரபைப் புதுப்பித்ததாகும். அறிவு மூடப்பட்ட ஒருவர் தாமாக வந்து கதவைத் தட்டமாட்டார். நாம்தான் அவரைத் தேடிச் செல்ல வேண்டும்.