அளவுகோலில் இல்லாத பத்தி

1992 இறுதி. சோவியத் யூனியன் உடைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பணவீக்கத்தில் பேராசிரியர்களின் சம்பளம் கரைந்துபோயிருந்தது. நூலகங்களுக்கு வெளிநாட்டு ஆய்விதழ் வாங்கக் காசில்லை. அந்த நேரத்தில் ஜார்ஜ் சோரோஸ் 10 கோடி டாலர் ஒதுக்கி சர்வதேச அறிவியல் அறக்கட்டளையைத் தொடங்கினார். முதல் வேலை, பல ஆயிரம் விஞ்ஞானிகளுக்குத் தலைக்கு 500 டாலர். அன்றைக்கு அது பல மாதச் சம்பளம். யாருக்குக் கொடுப்பது? முன்னணி இதழ்களில் அண்மையில் கட்டுரை வெளியிட்டவர்களுக்கு. காசோடு சேர்ந்து அளவுகோலும் ரஷ்யாவுக்குள் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

மென்பொருள்காரன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த அத்தியாயம் 1996-இல் தொடங்குகிறது. மாஸ்கோவுக்கு வெளியே 33 பல்கலைக்கழகங்களில் இணைய மையங்கள் அமைக்க சோரோஸ் முன்வந்தார். கருவிகளும் பயிற்சியும் அறக்கட்டளையின் பொறுப்பு, தொலைத்தொடர்புத் தடங்கள் அரசாங்கத்தின் பொறுப்பு. இணைப்பைப் பல்கலைக்கழகம் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஊர்க்காரர்களுக்கும் பகிர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நிர்வாகச் சீர்திருத்தம் என்ற பெயரே இல்லாமல் நடந்த சீர்திருத்தம் அது.

அதே காலத்தில் புதிய நிறுவனங்களும் முளைத்தன. 1992-இல் ஐரோப்பிய உதவியோடு மாஸ்கோவில் உயர் பொருளாதாரப் பள்ளி. 1994-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஐரோப்பியப் பல்கலைக்கழகம். அதற்கு ஃபோர்டு, மெக்ஆர்தர் போன்ற அமெரிக்க அறக்கட்டளைகள் கைகொடுத்தன. 2003-இல் ரஷ்யா போலோன்யா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஐந்து வருட சோவியத் பட்டப்படிப்புக்குப் பதிலாக இளங்கலை, முதுகலை என்ற இரண்டடுக்கு முறை மெல்ல வந்தது.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? எண்ணெய்க் காசு வந்தது. மானியம் கொடுக்கும் கை மாறியது. இனி அரசே கொடுக்கும். 2010-இல் 'மெகா கிராண்ட்' என்று அழைக்கப்பட்ட திட்டம் அறிவிக்கப்பட்டது. ஓர் ஆய்வகத்துக்கு 15 கோடி ரூபிள் வரை. வெளிநாட்டில் வேலைசெய்யும் பெரிய விஞ்ஞானியும் விண்ணப்பிக்கலாம். வருடத்தில் சில மாதங்களாவது ரஷ்யாவில் இருந்து வேலை பார்க்க வேண்டும். 2010 ஆகஸ்டில் ஹைதராபாத் கணித மாநாட்டில் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய ஸ்டானிஸ்லாவ் ஸ்மிர்னோவ் அப்படித்தான் தன் சொந்த ஊரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் செபிஷேவ் ஆய்வகத்தைத் தொடங்கினார். அது நல்ல கணித மையமாக வளர்ந்தது. அரசுக் காசு என்றாலே வீண் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதற்கு முந்தைய வருடமே இன்னொன்றும் நடந்திருந்தது. 2009-இல் சட்டம் மாறி, மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசுப் பல்கலைக்கழகம் இரண்டின் ரெக்டர்களையும் குடியரசுத் தலைவரே நியமிக்கலாம் என்றானது. அதுவரை ஆசிரியர்கள் கூடித் தேர்ந்தெடுத்த பதவி அது.

2012 மே மாதம் புதின் கையெழுத்திட்ட ஆணை ஒன்று 2020-க்குள் குறைந்தது ஐந்து ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் உலகத் தரவரிசையில் முதல் 100-க்குள் வர வேண்டும் என்றது. '5-100' திட்டம் பிறந்தது. 2013-இல் 15 பல்கலைக்கழகங்கள், 2015-இல் இன்னும் ஆறு. ஒவ்வொன்றும் திட்டவரைவு எழுதி, வெளிநாட்டு நிபுணர்களும் இருந்த குழுவின் முன்னால் வாதாடிக் காசு வாங்க வேண்டும். கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, வெளிநாட்டு மாணவர் விகிதம், வெளிநாட்டு ஆசிரியர் விகிதம் எல்லாவற்றுக்கும் இலக்கு. சர்வதேச உறவுகளுக்குத் தனி அலுவலகம், ஆங்கிலத்தில் பாடத்திட்டம், தரவரிசையைக் கவனிக்கத் தனி ஆட்கள்.

எங்கள் துறையில் இது தினசரிச் சங்கதி. மூடிய டிக்கெட்டுகளை எண்ணிச் சம்பள உயர்வு தருவோம் என்று சொல்லிப் பாருங்கள். மறுவாரமே ஒரு வேலை நாலு டிக்கெட்டாக உடைந்து நிற்கும். யாரும் பொய் சொல்வதில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறும். இகோர் சிரிகோவ் என்ற ஆய்வாளர் 2021-இல் 28 ரஷ்யப் பல்கலைக்கழகங்களை எடுத்து ஆராய்ந்தார். க்யூ.எஸ். தரவரிசை நிறுவனத்திடம் அடிக்கடி காசு கொடுத்துச் சேவை வாங்கியவை, அதே நிறுவனத்தின் பட்டியலில் கூடுதலாக ஏறியிருந்தன என்றார். நிறுவனம் அதை மறுத்தது.

2021-இல் ரஷ்யத் தணிக்கை மன்றம் கணக்குப் பார்த்தது. செலவு சுமார் 8,000 கோடி ரூபிள். துறைவாரிப் பட்டியல்களில் சில முன்னேற்றங்கள் உண்டு, கட்டுரைகள் பெருகியிருந்தன. ஒட்டுமொத்தத் தரவரிசையில் முதல் 100-க்குள் திட்டத்தில் இருந்த ஒன்றுகூட வரவில்லை.

நான் தோல்வி என்று நினைப்பது இதை அல்ல. இன்னொரு பக்கத்தில் கதவுகள் மூடிக்கொண்டிருந்தன. 2008-லேயே ஐரோப்பியப் பல்கலைக்கழகம் தீத்தடுப்பு விதிகளைக் காரணம் காட்டிச் சில வாரங்கள் மூடப்பட்டது. தேர்தல் கண்காணிப்பு பற்றிய ஆய்வுக்கு ஐரோப்பிய ஒன்றியத்திடம் அது மானியம் வாங்கியிருந்தது. 2017-இல் உரிமத்தையே இழந்து, 2018-இல் திரும்பப் பெற்றது. 2015 நவம்பரில் சோரோஸின் அறக்கட்டளை 'விரும்பத்தகாத அமைப்பு' ஆனது. சில வாரங்களில் வோர்குதா நகரக் கல்லூரி ஒன்றில் அந்த மானியத்தில் அச்சான புத்தகங்கள் எரிக்கப்பட்டன. 2021-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஸ்மோல்னி கல்லூரியை வளர்த்த அமெரிக்காவின் பார்ட் கல்லூரியும் அதே பட்டியலில் சேர்ந்தது.

கடைசியில் 2022 மார்ச். ரெக்டர்கள் சங்கம் உக்ரைன் போரை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். சர்வதேச மயத்துக்காகப் பல வருடம் காசு வாங்கியவற்றின் தலைவர்களும் அதில் உண்டு. போலோன்யா அமைப்பு ரஷ்யாவை ஒதுக்கியது. மே மாதம் ரஷ்யாவும் வெளியேறப்போவதாகச் சொன்னது. இருபது வருட உழைப்பு சில வாரங்களில் போயிற்று.

எண்ணக்கூடியதை எல்லாம் அந்தத் திட்டங்கள் எண்ணின. எண்ணியது மாறவும் செய்தது. ரெக்டரை யார் தேர்ந்தெடுக்கிறார், அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்ற பத்தி மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை. 2022 மார்ச்சில் கேட்கப்பட்டது அந்தப் பத்திக்கான பதில்தான். ஊழியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஊழியர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு ரெக்டர் கையெழுத்திட மறுத்திருக்கலாம், இல்லை போட்டிருக்கவும் செய்யலாம். குறைந்தபட்சம் மறுநாள் தன் ஆசிரியர்கள் முன்னால் நின்று 'ஏன்' என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.