மரத்துக்கு முன்னால் எலும்பை அறுத்த ரம்பம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என் போனை நீட்டி, "டேய், அஞ்சாயிரத்துச் சொச்சத்துக்கு மரம் அறுக்கிற மிஷின் வருதுடா. வாங்கிட்டா மாமரத்துக் கிளையை நாமளே கழிச்சிடலாம்" என்றார். பி.காம் படிக்கிற பையன் ஆயிற்றே, உடனே கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் கூலி மிச்சம், சில வருஷத்தில் போட்ட முதல் திரும்பி வந்துவிடும். நல்ல முதலீடுதான்!

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு விட்டுப் போயிருந்தது. அந்தச் செலவை என் ஏழாம் வகுப்பில் கண்ணால் பார்த்தவன் நான்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல். சென்னையையும் புறநகரையும் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகமான காற்று புரட்டிப் போட்டது. தூங்குமூஞ்சி, குல்மோகர், இயல்வாகை என்று நிழலுக்காக வைத்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. சேக்காட்டில் எங்கள் தெருவிலும் ஒரு தூங்குமூஞ்சி மரம் குறுக்கே படுத்துவிட்டது. கரண்ட் இல்லை, தண்ணீர் வண்டி வர வழியில்லை. மறுநாள் ஒரு அண்ணன் மிஷினோடு வந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, ரப்பர் செருப்பு. அவ்வளவுதான். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். "தம்பிங்களா, தள்ளி நில்லுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் மிஷின் ஒரு எகிறு எகிறியது. அவருடைய இடது தோளில் ரத்தம். துண்டைக் கட்டி பைக்கில் வைத்துக் கொண்டு போனார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. இப்போது அப்பா கேட்டதால் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இந்த மிஷினுக்குப் பின்னால் இப்படி ஒரு சரித்திரமா என்று ஆச்சரியமாக இருந்தது.

முதலில் கை ரம்பக் காலம். எங்கள் ஊர் வழியாகப் போகிற ரயில் பாதை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்தார்கள். அந்தக் கால இன்ஜின்களுக்கு விறகுதான் தீனி. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் மரம் வேண்டும். காடுகள் வேகமாகக் குறைய, அதே 1856இல் சென்னை மாகாணத்துக்கு ஹ்யூ கிளெகார்ன் என்பவரைக் காட்டுப் பாதுகாவலராக நியமித்தார்கள். இத்தனை மரமும் கோடாலியாலும் கை ரம்பத்தாலும் விழுந்தவை. அதிலும் ஆபத்து உண்டு. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள்: கை நின்றால் ரம்பமும் நின்றுவிடும்.

சங்கிலி ரம்பம் என்ற யோசனை காட்டில் பிறக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தது! 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் ஐட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே இருவரும் பல் வைத்த மெல்லிய சங்கிலியை எலும்பு அறுக்கப் பயன்படுத்தினார்கள். பிரசவம் சிக்கலாகும்போது இடுப்பு எலும்பின் இணைப்பை அறுப்பது அதன் வேலைகளில் ஒன்று. மயக்க மருந்து இல்லாத காலம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1830இல் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி ஓடுகிற கருவியைச் செய்தார். சதையைத் தேவையில்லாமல் கிழிக்காமல் எலும்பை மட்டும் அறுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதாவது இதன் மூதாதை மனிதனைக் காப்பாற்றச் செய்யப்பட்டது.

மரத்துக்கு வந்தது 1920களில். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சார ரம்பம் செய்தார். 1927இல் எமில் லெர்ப் பெட்ரோல் ரம்பத்தை டோல்மார் மலையில் சோதித்துப் பார்த்தார். இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டிய எடை. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டி, 1946இல் ஒரு வண்டுப் புழு மரத்தை இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைப் பார்த்து, அதே மாதிரி சங்கிலிப் பல்லை வடிவமைத்தார். இன்றைய சங்கிலிகள் அந்தப் புழுவின் வாரிசுகள்தான்! 1950களில் எடை குறைந்து ஒரே ஆள் தூக்கும் மிஷின் வந்தது.

விபத்தும் கூடவே வந்தது. இப்போது கை நின்றாலும் சங்கிலி நிற்காது. முழு வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். சங்கிலி ஓடும் தகட்டின் நுனியில், மேல் பாதி எதிலாவது பட்டால் மொத்த மிஷினும் நம் முகத்தைப் பார்த்து எகிறும். கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடைக்காது. எங்கள் தெரு அண்ணனுக்கு நடந்தது இதுதான்.

அதன் பிறகான சரித்திரம் முழுக்க, கை தவறினால் சங்கிலியை எப்படி நிறுத்துவது என்ற தேடல்தான். மிஷினின் நடுக்கத்தால் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப் போயின. 1960களில் அதிர்வு தாங்கும் கைப்பிடி வந்தது. 1970களின் தொடக்கத்தில் சங்கிலி பிரேக் வந்தது. முன் கைப்பிடிக்கு எதிரே இருக்கும் அந்தத் தகடு, மிஷின் எகிறும்போது இடது புறங்கையில் இடித்து சங்கிலியை நிறுத்தும். 1973இல் ஹஸ்க்வர்னா கொண்டுவந்த வகை, எகிறுகிற வேகத்திலேயே தானாக நிற்கும். காலுக்கான உறைக்குள் நீளமான இழைகள் இருக்கும். சங்கிலி பட்டால் அவை வெளியே வந்து பல்சக்கரத்தில் சிக்கி மிஷினை நிறுத்திவிடும். ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருவர் காயப்பட்ட பிறகு வந்தது.

நம் தெருக்களுக்கு மிஷின் வந்தது, இந்தப் பாடங்கள் வரவில்லை. அதுதான் என் வருத்தம். புயலில் விழுந்த மரம் நிற்கிற மரத்தை விட ஆபத்தானது. வளைந்து கிடக்கும் தண்டு வில் மாதிரி. அழுந்தியிருக்கும் பக்கம் முழுசாக வெட்டினால் தகடு சிக்கிக்கொள்ளும். இழுபட்டிருக்கும் பக்கம் முதலில் வெட்டினால் படாரென்று பிளந்து அடிக்கும். அதனால் அழுந்திய பக்கம் கொஞ்சம் மட்டும் வெட்டிவிட்டு, இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். தண்டை அறுத்ததும் வேர்ப் பகுதி திடீரென்று பழையபடி குழிக்குள் போய் நிமிரலாம். அந்தக் குழியில்தான் நாங்கள் சிறுவர்கள் இறங்கி விளையாடிக் கொண்டிருந்தோம்!

மற்றவை எளிமையானவை. மின் கம்பி பட்டிருந்தால் மின்வாரியம் வரும்வரை தொடக் கூடாது. தரையில் வைத்து, பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டு கையும் வேண்டும், கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, ஏணியில் ஏறி அறுக்கக் கூடாது. நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, பூட்ஸ் போட வேண்டும். அறுப்பவர் தனியாகவும் இருக்கக் கூடாது, அவரைச் சுற்றிக் கூட்டமும் கூடாது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். மாமரக் கிளையோ தலைக்கு மேலே, ஏணி போட்டால்தான் எட்டும். "அப்ப அந்தத் தம்பியையே கூப்பிடு" என்றார்.

அண்ணன் வந்தார். பூட்ஸ் போட்டிருந்தார். தோளில் தழும்பு அப்படியே இருந்தது. "அன்னிக்கு மிஷின்தானே அண்ணே எகிறிச்சு?" என்று கேட்டேன்.

"மிஷினைக் குத்தம் சொல்லாத தம்பி. முன்னாடி இருந்த தகடு இடைஞ்சலா இருக்குன்னு நாந்தான் கழட்டி வெச்சிருந்தேன்" என்றார்.

ஐம்பது வருஷச் சரித்திரத்தை ஒரு ஸ்குரூ டிரைவரில் கழற்றிவிடலாம் நண்பர்களே. அவர் திரும்ப மாட்டிவிட்டார். உங்கள் தெருவுக்கு வருகிற மிஷினில் அந்தத் தகடு இருக்கிறதா என்று அடுத்த தடவை கொஞ்சம் பாருங்கள். அப்புறம் தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள் :-)