தோற்றவர்களை அடக்கம் செய்வது யார்?



பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்தில், ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட காமன்வெல்த் வீரர்களுக்காக 1952-இல் அமைக்கப்பட்டது. கற்களில் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. புல் இன்றும் சீராக வெட்டப்படுகிறது. வென்ற தரப்பில் மடிந்தவர்களுக்கு இந்த மரியாதை கிடைத்துவிடுகிறது. தோற்ற தரப்பில் மடிந்தவனை யார் அடக்கம் செய்வார்? அவனோடு நின்று உயிர் தப்பியவன் எப்படி வாழ்வான்?

இக்கேள்விகளை உலகத்தின் முன் வைத்த திரைப்படம் ஒன்று உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியார் எடுத்த 'தீபன்', 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையைப் பெற்றது. பிரெஞ்சுப் படமானாலும் அதன் உரையாடலில் பெரும்பகுதி தமிழே.

ஈழப் போரின் முடிவில் படம் தொடங்குகிறது. விடுதலைப் புலிகளின் போராளி ஒருவன், இறந்த தோழர்களின் உடல்களுக்குத் தீ மூட்டுகிறான். பின்பு தன் சீருடையைக் களைந்து அதே தீயில் இடுகிறான். இறந்துபோன ஒருவரின் கடவுச்சீட்டில் 'தீபன்' என்னும் பெயரைப் பெறுகிறான். முன்பின் அறியாத ஒரு பெண்ணும் ஒன்பது வயதுச் சிறுமியும் அவனுக்கு மனைவியாகவும் மகளாகவும் நடிக்க, மூவரும் பிரான்சில் தஞ்சம் புகுகின்றனர். பாரிஸ் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் அவன் காவலாளி ஆகிறான். அங்கும் போதைமருந்துக் கும்பல்களின் துப்பாக்கிகள் வெடிக்கின்றன.

தீபனாக நடித்த அந்தோனிதாசன் யேசுதாசன், ஷோபாசக்தி என்னும் பெயரில் எழுதும் எழுத்தாளர். அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்ம வயதில் இயக்கத்தில் சேர்ந்து, 1986-இல் விலகி, 1993-இல் பிரான்சை அடைந்தவர். மனைவியாக நடிக்கும் யாழினி பாத்திரத்தை ஏற்ற காளீஸ்வரி சீனிவாசன் நம் சென்னையின் நாடக நடிகை.

படத்தில் ஓரிடத்தில், தீபன் குடியிருப்பின் முற்றத்தில் ஒரு வெள்ளைக் கோடு கிழித்து, அதைச் சூடு கூடாத பகுதி என்று அறிவிக்கிறான். அந்தச் சொல்லின் கனம் வரலாற்றை அறிந்தவர்களுக்கே விளங்கும். 2009 ஜனவரி முதல் மே வரை இலங்கை அரசு வன்னியில் மூன்று முறை 'போர் தவிர்ப்பு வலயம்' அறிவித்தது. ஐக்கிய நாடுகள் வல்லுநர் குழுவின் 2011 அறிக்கை, அவ்வலயங்களின்மேலும் அரசுப் படைகளின் எறிகணைகள் விழுந்தன என்று கூறியது. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்துச் சுட்டதையும், சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் அதே அறிக்கை பதிவு செய்தது. மாண்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கக்கூடும் என்பது அதன் மதிப்பீடு.

ஆகவே படம் தீபனை மாவீரனாக உயர்த்தவில்லை. போரை மீண்டும் தொடங்க ஆயுதங்களுக்குப் பணம் கேட்கும் பழைய தளபதியிடம், தன் போர் முடிந்துவிட்டது என்று சொல்லி அடிபடுகிறான். ஆயினும் இறுதியில் அவன் கை மீண்டும் ஆயுதத்தைத் தேடுகிறது. அந்த முடிவைப் பலர் குறைகூறினர். சீருடை எரிந்தபின்னும் போர் அதை அணிந்தவனுக்குள் எரியாமல் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி என நான் கருதுகிறேன்.

போருக்குப் பின் இலங்கையில், மடிந்த போராளிகளைப் புதைத்திருந்த துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அந்நிலத்தின்மேலேயே 2011-இல் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது. 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்றவர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். அவரும் திரும்பி வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்களுக்கு ஒரு கல்லறைகூட இல்லை.

1 சாமுவேல் 31-ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். கில்போவா மலையில் தோற்று மடிந்த சவுலின் உடலைப் பெலிஸ்தர் பெத்சானின் மதிலில் தூக்கிவைத்தார்கள். கீலேயாத்திலுள்ள யாபேசின் ஆண்கள் இராமுழுதும் நடந்து, அவ்வுடல்களை இறக்கிக் கொண்டுவந்து தகனித்து, எலும்புகளை ஒரு மரத்தின்கீழ் அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசித்தார்கள். சவுலின் பிழைகளை வேதம் மறைக்கவில்லை. அவன் கையினின்று தப்பி ஓடித்திரிந்த தாவீதே அவனுக்காக அழுதான். அவனை அடக்கம் செய்தவர்களை ஆசீர்வதித்தான்.

2009 ஏப்ரல் 27 அன்று, நம் மயிலாப்பூருக்கு அருகே மெரினாவில், அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி போர்நிறுத்தம் கோரி உண்ணாநோன்பு இருந்தார். அது சில மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த மூன்று வாரங்களில் போரும் முடிந்தது. அந்நாள்களில் இந்நகரத்தில் சிலர் புலிகளைத் தெய்வமாக்கினர். சிலர் பயங்கரவாதிகள் என்ற ஒரே சொல்லில் அடைத்தனர். இரு சாராருக்குமே, பதினாறு வயதில் துப்பாக்கி ஏந்திய அந்தப் பிள்ளையின் முகம் தெரியாமற் போயிற்று.

ஒருவனுக்காக அழுவதற்கு அவன் போரை நியாயப்படுத்த வேண்டியதில்லை. அவன் இழைத்த தீங்கை மறக்கவும் வேண்டியதில்லை. அவன் கொன்றவர்களுக்காகவும், அவனுக்காகவும், ஒரே ஜெபத்தில் அழலாம். ஈழத்திலிருந்து வந்து நம் நடுவே வாழ்கிறவர்களில், தம் கதையைச் சொல்லாமலே முதுமை அடைகிறவர்கள் உண்டு. அவர்களிடம் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்பதற்குமுன், யாரை இழந்தீர்கள் என்று கேட்போம். அவர்கள் சொல்லும் பெயர்களை, மே 18 வரும்போது, நம் ஜெபத்தில் உரக்கச் சொல்வோம்.