பொருத்திய கைகள்

பேர்லினுக்குப் பக்கத்திலுள்ள பொட்ஸ்டம் நகரத்துக்கு, சான்சூசி மாளிகையைப் பார்க்கப் பிள்ளைகளோடு போயிருந்தோம். ‘சான்சூசி’ என்றால் பிரெஞ்சு மொழியில் ‘கவலையில்லாமல்’ என்று அர்த்தமாம். பிரஷ்ய அரசன் இரண்டாம் பிரெடெரிக் 1745க்கும் 1747க்கும் இடையில் திராட்சைத் தோட்டப் படிக்கட்டுகளின் உச்சியில் கட்டுவித்த கோடைகால மாளிகை அது. கிழக்குக் கோடியில் அவனுடைய நூலகம். அதற்கு வெளியே ஒரு கிராதிப் பந்தலுக்குள் வெண்கலச் சிறுவன் ஒருவன் இரு கைகளையும் வானத்தை நோக்கி ஏந்தியபடி நிற்கிறான். ‘இறைஞ்சும் சிறுவன்’ என்று அவனைச் சொல்கிறார்கள்.

அங்கே நிற்பது பிரதி. அசல் பேர்லின் பழைய நூதனசாலையில் இருக்கிறது. அது அங்கே வந்து சேர்ந்த கதைதான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

ஏறத்தாழ கி.மு. 300இல் வார்க்கப்பட்ட கிரேக்கச் சிலை இது. றோட்ஸ் தீவில் மண்ணுக்குள் கிடந்து, 1503 அளவில் வெனிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. பின்பு மாந்துவாப் பிரபுக்களிடமும், அவர்களிடமிருந்து இங்கிலாந்தின் முதலாம் சார்ள்ஸிடமும் போனது. 1649இல் சார்ள்ஸின் தலை வெட்டப்பட்டது. அடுத்து பிரான்சின் நிதியமைச்சர் பூக்கே அதனை வாங்கினார். 1661இல் அவரும் சிறைக்குப் போனார். பிறகு வியன்னாவில் இளவரசர் ஒயிகன். 1747இல் பிரெடெரிக் வாங்கித் தனது நூலகத்திலிருந்து பார்க்கக்கூடியதாக நிறுத்தினான். 1806இல் நெப்போலியனின் ஆட்கள் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். அவன் விழுந்தபின் 1815இல் திரும்பியது. இரண்டாம் உலகப்போர் முடிய சோவியத் ஒன்றியத்துக்குப் போய், 1958இல் கிழக்குப் பேர்லினுக்கு மீண்டது.

அந்தக் கடைசி வழி எங்களில் பலருக்குத் தெரிந்த வழி. எண்பதுகளின் முற்பகுதியில் மொஸ்கோ ஊடாகப் பறந்து, கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்டில் இறங்கி, பிரெடெரிக் வீதி ரயில் நிலையத்தால் மேற்குக்குள் நுழைந்தவர்கள் நாங்கள். 1985இல் கிழக்கு ஜேர்மனி அந்தக் கதவை எங்களுக்கு அடைத்தது. அந்த நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் சிலை இருக்கும் நூதனசாலை. அன்று அதைப் பார்க்க எங்களுக்கு நேரமுமில்லை, நெஞ்சுமில்லை.

இனிச் சொல்லவேண்டியது கைகளைப் பற்றி. அந்தக் கைகள் இரண்டும் அவனுடையவை அல்ல. கைகளில்லாமல் கிடைத்த உடலுக்கு, பதினேழாம் நூற்றாண்டில், பிரான்சில் இருந்தபோது பொருத்தப்பட்டவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். உண்மையில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது. பிரெடெரிக்கின் காலத்தில் அவன் பெயர் அன்ரினூஸ். றோமச் சக்கரவர்த்தி ஒருவரின் தோழன். இறைஞ்சுபவன் என்ற பெயர், அந்நியர் பூட்டிய கைகளால் வந்தது.

இதை வாசித்தபோது எங்கள் கோவைகள் நினைவுக்கு வந்தன. அகதி விசாரணையில் நாங்கள் சொன்னது ஒன்று, மொழிபெயர்ப்பில் பதிவானது இன்னொன்று. ஆனாலும் கீழே கையெழுத்து வைத்தோம். தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதினார்கள். இன்றைக்கும் அலுவலகங்களில் எங்களை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டோம். எங்கள் பிள்ளைகளுக்கு அது உண்மையாகவே குடும்பப் பெயராகிவிட்டது.

அந்தப் பந்தலுக்குக் கிட்டத்தான் பிரெடெரிக்கின் கல்லறை. அங்கேயே, தன் நாய்களுக்குப் பக்கத்தில் புதைக்கும்படி கேட்டவன் அவன். 1786இல் வேறிடத்தில் வைத்தார்கள். போர்க்காலத்தில் சவப்பெட்டி சுரங்கமொன்றுக்குள் ஒளிக்கப்பட்டு, பின்பு மேற்கு ஜேர்மனியில் இருந்தது. 1991இல்தான், 205 ஆண்டுகள் கழித்து, கேட்ட மண்ணுக்கு வந்தான். அரசனுக்கே அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

“அவர் கும்பிடுகிறாரா?” என்று மகள் கேட்டாள். கைகள் பிறகு ஒட்டியவை என்றோம். “அப்போ கழற்றிவிடலாமே” என்றாள். கழற்றினால் அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடுமே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டோம். அவளுடைய பாடசாலைப் பையிலும் தாத்தாவின் பெயர்தான் எழுதியிருந்தது.