துப்பறிவாளனா, உளவாளியா? ஏஜென்ட் காரிகன் தொடரின் பதிப்பு வரலாறு

தமிழ்ச் சித்திரக்கதை வாசகர்கள் ‘ஏஜென்ட் காரிகன்’ என்று அறிந்திருக்கும் நாயகன், 1934 ஜனவரி 22 அன்று ‘சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9’ என்னும் தலைப்பில் அமெரிக்க நாளிதழ்களில் தோன்றி, 1996 பிப்ரவரி 10 வரை 62 ஆண்டுகள் நீடித்த தொடருக்கு உரியவன். இவன் துப்பறிவாளனாகத் தொடங்கி உளவாளியாக மாறியவன் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தொடரின் பதிப்பு வரலாற்றை நெருங்கிப் பார்த்தால், அவன் யார் என்பது முதல் நாளிலேயே முடிவு செய்யப்படாமல் விடப்பட்டதும், அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு காலத்தின் பதிப்புத் தேவையும் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டதும் தெளிவாகும். அந்நாயகனின் தமிழ் வருகையையும் இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1931 அக்டோபரில் செஸ்டர் கூல்ட் தொடங்கிய ‘டிக் ட்ரேசி’ என்னும் போலீஸ் துப்பறிவாளர் தொடர் பெற்ற வெற்றிக்குப் போட்டியாகவே எக்ஸ்-9 உருவாக்கப்பட்டது. நாளிதழ்களுக்குச் சித்திரத் தொடர்களையும் பத்திகளையும் மொத்தமாக விநியோகிக்கும் நிறுவனம் ‘சிண்டிகேட்’ எனப்படும். அத்தகைய கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட், பிங்கர்டன் தனியார் துப்பறியும் நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவரும் ‘தி மால்ட்டீஸ் ஃபால்கன்’ நாவலால் புகழ்பெற்றவருமான டேஷியல் ஹாமெட்டைக் கதை எழுதவும், 1934 ஜனவரியிலேயே ‘ஃபிளாஷ் கார்டன்’ தொடரையும் தொடங்கியிருந்த அலெக்ஸ் ரேமண்டைப் படம் வரையவும் அமர்த்தியது. நிறுவனம் வைத்த தலைப்பு அரசின் இரகசிய ஆளைச் சுட்டியது. ஹாமெட்டின் பேனாவோ தனக்குப் பழகிய தனியார் துப்பறிவாளனையே எழுதியது. ஆகவே முதல் கதையில் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு மனிதன், அடுக்ககத்தில் ஒரு பணியாளோடு வாழ்ந்துகொண்டு, மனைவியையும் குழந்தையையும் கொன்றவர்கள்மீது வஞ்சம் வைத்திருக்கிறான். பெயர் கேட்பவர்களிடம் ‘டெக்ஸ்டர்’ என்று சொல்லும் அவன், அது தன் உண்மைப் பெயரன்று என்பதையும் மறைப்பதில்லை. அவனுக்குச் சம்பளம் தருவது யார் என்ற கேள்விக்குக் கதைக்குள் உறுதியான விடை கிடைப்பதில்லை.

1935இல் ஹாமெட் விலகியதும், ‘தி செயிண்ட்’ கதைகளைப் படைத்த லெஸ்லி சார்ட்டரிஸ் சிறிது காலம் எழுதினார். ரேமண்டும் அதே ஆண்டின் இறுதியில் விலகினார். 1934 ஜூலையில் வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சர் சிகாகோவில் மத்தியப் புலனாய்வுத் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட பின், பின்னாளில் எஃப்.பி.ஐ. எனப் பெயர்பெற்ற அத்துறைக்கு நாடெங்கும் நாயகப் புகழ் கூடியது. தெளிவற்றிருந்த எக்ஸ்-9 காலப்போக்கில் அத்துறையின் ஆளாக ஆக்கப்பட்டதை இந்தச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 1940 முதல் 1960 வரை தொடரை வரைந்த மெல் கிராஃப், எண் மட்டுமே அடையாளமாக இருந்தவனுக்கு ஃபில் காரிகன் என்ற பெயரும் குடும்ப வாழ்வும் கொடுத்தார். 1967இல் எழுத்தாளர் ஆர்ச்சி குட்வினும் ஓவியர் அல் வில்லியம்சனும் பொறுப்பேற்றபோது தொடரின் தலைப்பே ‘சீக்ரெட் ஏஜென்ட் காரிகன்’ என்று மாறியது. 1962இல் திரைக்கு வந்த ஜேம்ஸ் பாண்ட் உண்டாக்கிய அலையும் பனிப்போரும் சேர்ந்து, அயல்நாட்டுச் சதிகளை முறியடிக்கும் உளவாளியாக அவனை நிலைநிறுத்தின. குட்வின்–வில்லியம்சன் இணை 1980 வரை நீடித்தது. அதன்பின் ஜார்ஜ் எவன்ஸ் இறுதிவரை வரைந்தார்.

தமிழில் இக்கதைகளை முதன்மையாக வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது சிவகாசி. அங்கே சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகனான ‘இரும்புக்கை மாயாவி’, பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் குற்றவாளியாகத் தொடங்கிப் பின்னர் உளவமைப்பின் ஆளாக மாறியவன் என்பது இங்கே கருதத்தக்கது. அதே வரிசையில் வந்த காரிகன் கதைகளும் பெரும்பாலும் குட்வின்–வில்லியம்சன் காலத்தவையே. எனவே அமெரிக்க வாசகர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மெல்ல மெல்லக் கண்ட மாற்றத்தைத் தமிழ் வாசகர் காணவில்லை. அவருக்குக் காரிகன் பிறக்கும்போதே உளவாளி.

வடிவ மாற்றமும் இதற்குத் துணைசெய்தது. நாளிதழ்த் தொடரில் ஒரு நாளுக்கு மூன்று நான்கு கட்டங்களே உண்டு. முதல் கட்டம் நேற்றைய கதையைச் சுருக்கி நினைவூட்ட, கடைசிக் கட்டம் நாளைய இதழை வாங்கத் தூண்டும் ஐயத்தோடு நிற்கும். கிடைமட்டமான இந்தப் பட்டைகளைச் சிறு நூலின் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போது நாள் என்னும் அலகு மறைந்து, மாதக்கணக்கில் ஓடிய கதை ஒரே மூச்சில் படித்து முடிக்கும் நூலாகிறது. போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களில், கைமாறி வரும் ஒற்றை இதழை வரிசை பாராமல் படிக்கும் வாசகருக்கு, எந்தக் கதை எந்த ஆண்டுக்குரியது என்பதை அறிய வழியில்லை. அறிய வேண்டிய தேவையும் எழவில்லை.

தமிழ் வாசகர் இந்தக் காரிகனை வெறுமனே ஏற்றுக்கொண்டார் என்று கருதுவதும் தவறு. தமிழ்வாணனின் துப்பறியும் நாயகன் சங்கர்லால் வழக்குகளுக்காக வெளிநாடுகளுக்குப் பறந்ததையும், 1966இல் வெளியான ‘வல்லவன் ஒருவன்’ திரைப்படத்தில் ஜெய்சங்கர் துப்பறிபவராகவும் உளவாளியாகவும் ஒருசேரத் தோன்றியதையும் முன்பே கண்டிருந்த வாசகருக்கு, குற்றத்தைக் கண்டுபிடிப்பவனும் நாட்டின் பகைவனை வேவு பார்ப்பவனும் ஒருவனாகவே இருப்பது புதிராகத் தோன்றவில்லை. கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்துக்கும் ஹாமெட்டுக்கும் இடையே தீராமல் நின்ற முரண், தமிழ்ப் பொழுதுபோக்கு மரபுக்குள் வந்தபோது முரணாகவே உணரப்படவில்லை.

அமெரிக்காவில் ஐ.டி.டபிள்யூ. பதிப்பகம் குட்வின்–வில்லியம்சன் காலத் தொடர்களை 2010 முதல் ஐந்து தொகுதிகளாகவும், பின்னர் ஹாமெட்–ரேமண்ட் காலத்துத் தொடரைத் தனி நூலாகவும் வெளியிட்டுள்ளதால், மூலத்தின் கால வரிசை இன்று எளிதில் கிடைக்கிறது. தமிழில் வெளிவந்த ஒவ்வொரு காரிகன் இதழையும் அதன் மூலத் தொடரின் தேதியோடும் எழுத்தாளர், ஓவியர் பெயர்களோடும் இணைக்கும் அட்டவணை ஒன்றைத் தொகுப்பது, தமிழ்ச் சித்திரக்கதை ஆய்வாளர்களும் பழைய இதழ்களைப் பேணும் நூலகங்களும் இணைந்து மேற்கொள்ள வேண்டிய முதல் பணியாகும்.