கல்லறையில்லா அதிதூதரின் ஆலயங்கள்

கிறித்தவ ஆலயங்களின் தோற்றத்தை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரு கல்லறையிலிருந்தே தொடங்குவர். மறைச்சாட்சி ஒருவர் அடக்கப்பட்ட இடத்தில் வழிபாடு தோன்றும். அங்கே ஆலயம் எழும். பின்னர் அவரது எலும்பின் ஒரு கூறு பிறிதோரூருக்குக் கொண்டுசெல்லப்பட, ஆங்கும் ஓர் ஆலயம் எழும். ஆனால் அதிதூதர் மிக்கேலுக்கு உடலில்லை. ஆகவே கல்லறையுமில்லை, எலும்புமில்லை. அவர் பெயரால் ஆலயங்கள் எங்ஙனம் பரவின என்பது எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று.

திருச்சபையும் இவ்வழிபாட்டை ஐயத்துடனேயே நோக்கிற்று. 4ஆம் நூற்றாண்டில் சின்னாசியாவின் லவோதிக்கேயாவிற் கூடிய சங்கம், திருச்சபையை விட்டகன்று வானதூதரை அழைத்துக் கூடுவோரைக் கண்டித்தது. 745இல் உரோமாபுரிச் சங்கம் மிக்கேல், கபிரியேல், இரபாயேல் என்னும் மூன்று பெயர்களை மட்டுமே ஏற்றது.

மேற்குலகில் இவ்வழிபாட்டின் தாயகம் தென்னித்தாலியின் கர்கானோ மலையாகும். தப்பியோடிய எருதொன்று குகைவாயிலில் நின்றதாகவும், அதன்மேல் எய்த அம்பு எய்தவனையே திரும்பித் தாக்கியதாகவும் ஐதிகம் கூறும். மரபு இதனை 490ஆம் ஆண்டளவில் வைக்கிறது. ஆலயத்தை நேர்ந்தளிக்க முனைந்த சிப்பொந்தோ ஆயருக்கு, அதனைத் தாமே நேர்ந்தளித்துவிட்டதாக அதிதூதர் அறிவித்தாராம். குகைக்கல்லில் அவர் அடிச்சுவடும் காணப்பட்டதாம். இக்கதையின் நுட்பம் இங்கேதான் உள்ளது. எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் சுவடு பதிந்த கல் வந்தமர்ந்துவிட்டது. 7ஆம் நூற்றாண்டில் பெனவெந்தோவின் இலம்பார்தியர் இத்தலத்தைத் தமதாக்கிப் போற்றினர். தொலைநாட்டு ஆங்கிலோ-சாக்சன் யாத்திரிகர் தம் பெயர்களை ரூனிக் எழுத்திற் சுவரிற் பொறித்துச் சென்றுள்ளனர்.

மிக்கேலின் ஆலயங்கள் மலையுச்சிகளில் எழுந்தமைக்குப் பழைய தெய்வங்களின் இடங்களை அவர் கைக்கொண்டமையே காரணம் என்பர் சிலர். இது முற்றும் தவறன்று. கர்கானோ பகுதியில் கல்காஸ் என்னும் குறிசொல்வோனின் வழிபாட்டிடம் இருந்ததைக் கிரேக்க ஆசிரியர் ஸ்திராபோ குறித்துள்ளார். எனினும் உயரம் மட்டும் போதுமாயிருந்ததெனக் கொள்வதற்கில்லை. கர்கானோவிலேயே யாத்திரிகர் படிகளால் கீழே இறங்கித்தான் குகையை அடைகின்றனர்.

வடபிரான்சின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். கடலேற்றத்தில் நீராற் சூழப்படும் பாறைக்குன்று ஒன்றில், 708இல் அவ்ராஞ்ச் ஆயர் ஓபேர் மிக்கேலுக்கு ஒரு வழிபாட்டிடம் அமைத்தார். குன்று உயர்ந்ததே, ஆயினும் ஆயர் அதனோடு அமையவில்லை. குருக்களைக் கர்கானோவுக்கு அனுப்பி, அதிதூதரின் செம்மேலாடைத் துண்டு ஒன்றையும் அவர் நின்ற பளிங்குக் கல்லின் சில்லையும் பெற்றுவரச் செய்தார் என்கிறது அத்தலத்தின் பழைய ஏடு. மறைச்சாட்சியின் எலும்பு ஊர்விட்டு ஊர் சென்றதுபோலவே இங்கே கல் சென்றது. அக்குன்றின் பழம்பெயர் தும்பா. கல்லறை மேட்டை ஒத்திருந்தமையால் அப்பெயர் வந்ததாக அவ்வேடே கூறுவது வியப்பிற்குரியது.

966இல் நோர்மண்டிக் கோமகன் முதலாம் ரிச்சாட் அங்கே பெனதிக்து சபைத் துறவியரைக் குடியேற்றினான். 1023இற் பேராலய வேலை தொடங்கிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்பின் சிறைச்சாலையான மடம் 1863 வரை அவ்வாறே இருந்தது. உடலற்ற அதிதூதருக்கு ஆலயம் கண்ட ஓபேருக்கோ உடல் இருந்தது. துளையுள்ள மண்டையோடு ஒன்று அவருடையதென்று அவ்ராஞ்ச் நகர ஆலயத்தில் இன்றும் காட்டப்படுகிறது. அத்துளை, தயங்கிய ஆயரை அதிதூதர் விரலால் அழுத்தியதன் அடையாளமாம்.