பி53 பரம்பரையலகு: ஒரு தவற்றின் வரலாறு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எனினும், தவறுகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு திருத்தப்பட்டன என்பதை ஆராயும்போதே விஞ்ஞானம் இயங்கும் முறை நமக்குத் தெளிவாகின்றது. கலங்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பி53 என்னும் பரம்பரையலகை ஆய்வாளர்கள் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் புற்றுநோயை உண்டாக்குவதாகவே கருதினர். அது அந்நோயைத் தடுப்பது என்பது 1989ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. இத்தவற்றின் வரலாற்றையும், அதன் திருத்தம் புற்றுநோய் பற்றிய சமூக நோக்குக்கு அளித்த பயனையும் இங்கு நோக்குவோம்.

கோழிகளில் ஒருவகைப் புற்றுக்கட்டி வைரசினால் பரவுவதைப் பெய்ற்றன் றவுஸ் 1911இல் வெளியிட்டார். அவ்வைரசில் உள்ள புற்றுநோய்ப் பரம்பரையலகு கோழியின் சாதாரண கலங்களிலிருந்தே பெறப்பட்டது என்பதை 1976இல் பிஷப், வார்மஸ் ஆகியோரின் குழுவினர் காட்டினர். இதன் விளைவாக, புற்றுநோயைத் தூண்டும் பரம்பரையலகுகளைத் தேடுவதே அக்கால ஆய்வின் பிரதான போக்காயிற்று.

இச்சூழலிலேயே 1979இல் பி53 கண்டறியப்பட்டது. எஸ்.வி. 40 எனப்படும் குரங்கு வைரசு, எலியினங்களில் கட்டிகளைத் தோற்றுவிக்கவல்லது. அவ்வைரசின் புரதத்தோடு கலத்தின் சொந்தப் புரதமொன்று பிணைந்திருப்பதை இலண்டனில் டேவிட் லேன், லயனல் குரோபோர்ட் ஆகியோரும், பிரின்ஸ்டனில் ஆர்னோல்ட் லெவின் குழுவினரும் அவதானித்தனர். நியூயோர்க்கில் லொயிட் ஓல்ட் குழுவினர் வேறொரு வழியில் அதே புரதத்தை அடைந்தனர். அதன் மூலக்கூற்று நிறை 53 ஆயிரம் தோல்டன் என மதிப்பிடப்பட்டமையால் அப்பெயர் ஏற்பட்டது. உண்மை நிறை 44 ஆயிரத்தை அண்மியதே. எனவே பெயரிலேயே ஒரு பிழை குடிகொண்டுள்ளது எனலாம்.

புற்றுக்கலங்களில் இப்புரதம் மிகுதியாகக் காணப்பட்டது. 1984இல் மூன்று ஆய்வுக் குழுக்கள், பி53 பரம்பரையலகு ராஸ் என்னும் பிறிதொரு பரம்பரையலகுடன் சேர்ந்து சாதாரண கலங்களைப் புற்றுக்கலங்களாக மாற்றுகின்றது என அறிவித்தன. இம்முடிவு நிலவிய கருத்தோட்டத்துக்கு முற்றிலும் இயைந்திருந்தது. ஆயின், சில இரத்தப்புற்றுக் கலங்களில் இதே பரம்பரையலகு சிதைந்தோ முற்றாக இழக்கப்பட்டோ இருந்தமையும் அதே ஆண்டுகளில் வெளிவந்தது. புற்றுநோயை உண்டாக்கும் பரம்பரையலகு புற்றுக்கலத்திலேயே அழிந்துபோவது எவ்வாறு? இவ்வினாவுக்கு உரிய கவனம் அன்று கிடைக்கவில்லை.

அதற்கு விடை தரக்கூடிய கோட்பாடு முன்னரே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்த அல்பிரட் நட்சன், அந்நோய் தோன்ற இரு மாற்றங்கள் வேண்டும் என 1971இல் எடுத்துரைத்தார். ஒரு பரம்பரையலகின் இரு பிரதிகளும் செயலிழக்கும்போதே அந்நோய் விளைகின்றது என்பது பின்னர் புலனாயிற்று. அப்பரம்பரையலகு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும் பி53 இவ்வகையைச் சேர்ந்ததாக எண்ணப்படவில்லை.

திருப்பம் 1989இல் நிகழ்ந்தது. பல்வேறு ஆய்வுகூடங்கள் கையாண்ட பி53 பிரதிகளை ஒப்பிட்டபோது அவை தம்முள் வேறுபட்டிருந்தன. முந்திய பரிசோதனைகளில் சாதாரணமானவை என எண்ணிப் பயன்படுத்தப்பட்டவை உண்மையில் விகாரமடைந்தவை. விகாரமடையாத பி53ஐக் கலங்களுட் செலுத்தியபோது புற்றுமாற்றம் ஒடுக்கப்படுவதை லெவின் குழுவினர் காட்டினர். அதே ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர், பெருங்குடற் புற்றுநோயில் 17ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு பிரதி இழக்கப்பட்டிருப்பதையும், எஞ்சிய பிரதியில் பி53 விகாரமடைந்திருப்பதையும் கண்டனர். முன்னைய அவதானிப்புகளுக்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. விகாரமடைந்த புரதம் எளிதில் அழியாமையால் கலத்தில் திரள்கின்றது. நான்கு மூலக்கூறுகள் ஒன்றிணைந்தே பி53 செயற்படுவதால், பழுதுற்றவை நல்லவற்றையும் முடக்கிவிடுகின்றன.

கலத்தின் டி.என்.ஏ. சேதமுறும்போது பி53 கலப்பிரிவை நிறுத்திச் சீராக்கலுக்கு இடமளிக்கின்றது. சேதம் மிகுந்தால் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்கின்றது. பல்வகைப் புற்றுநோய்கள் தலைமுறைதோறும் தோன்றும் சில குடும்பங்களில் பி53 விகாரம் மரபுரிமையாக வருவது 1990இல் அறியப்பட்டது. இப்பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகள் இளமையிலேயே கட்டிகளுக்கு உள்ளாவது 1992இல் காட்டப்பட்டது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ அரைவாசியில் இது விகாரமடைந்துள்ளது.

ஆய்வாளரின் திறமைக் குறைவு இத்தவற்றுக்குக் காரணமன்று. எது சாதாரணமானது என்னும் அடிப்படை வினா சோதிக்கப்படாமல் விடப்பட்டது. ஒரு காலகட்டத்தின் கருத்துச் சட்டகம், எச்சான்று முதன்மை பெறும், எது ஒதுக்கப்படும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. முரண்பட்ட சான்றுகள் பெருகியபோதே அச்சட்டகம் உடைந்தது.

தடுக்கும் பரம்பரையலகைச் சிதைப்பது எது என்பது அடுத்து எழுந்த வினா. சீனாவில் யாங்சி ஆற்று முகத்துவாரத்தை அண்டிய சிடொங் பிரதேசத்திலும் தென்னாபிரிக்கப் பகுதிகளிலும் ஈரல் புற்றுநோயாளரை ஆராய்ந்தோர், பி53இன் 249ஆவது இடத்தில் ஒரே வகை விகாரம் திரும்பத் திரும்ப வருவதை 1991இல் கண்டனர். பூஞ்சணம் பிடித்த சோளத்திலும் நிலக்கடலையிலும் உண்டாகும் அஃப்ளாதொட்சின் என்னும் நஞ்சின் அடையாளம் அது. புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீன், நுரையீரற் புற்றுநோயில் அடிக்கடி விகாரமடையும் அதே பி53 இடங்களில் பிணைவது 1996இல் நிறுவப்பட்டது.

இவற்றின் பொருள் ஆழமானது. பூஞ்சணம் பிடித்த தானியத்தை உண்பவர் அதனை விரும்பித் தெரிவதில்லை. உலர்ந்த களஞ்சியமும் மாற்று உணவும் இல்லாமையே அவரை அந்நிலைக்குத் தள்ளுகின்றது. வறுமையின் தடம் பரம்பரையலகிலேயே பதிகின்றது. ஆகவே, பரம்பரையலகைப் பற்றிப் பேசுவது நோயை விதியாகக் கொள்வதாகும் என்னும் ஐயத்துக்கு இவ்வரலாறு இடந்தரவில்லை. சிடொங் மக்கள் 1980களில், தானிய வர்த்தகக் கொள்கை மாறியதையடுத்து, சோளத்திலிருந்து அரிசிக்கு மாறினர். அவர்களது உடலில் அந்நஞ்சின் அளவு பெரிதும் வீழ்ந்தது; காலப்போக்கில் ஈரல் புற்றுநோய் மரணங்களும் குறைந்தன. ஈரலழற்சி பீ வைரசுக்கும் அந்நோயில் பெரும்பங்கு உண்டெனினும், பிறந்தவுடன் தடுப்பூசி பெற்ற தலைமுறை முதுமையை எட்டுமுன்னரே இவ்வீழ்ச்சி தொடங்கிவிட்டது. ஆய்வுகூடத்தில் இனங்காணப்பட்ட நஞ்சின் பாதிப்பு இங்கு குறைந்தது மருந்தினால் அன்று, உணவுத் தானியம் மாறியதனாலேயே என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.